ஒத்தக்கடை மாமா பதில்கள்: இந்த வாரம் சாய்வு

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் நடக்கிற நேரம் போல. வந்த கடிதமெல்லாம் ஒரே கோடு. அதனால் சினிமா, அரசியல் கேள்விகளுக்கு இந்த வாரம் லீவு.

கே: சாய்வுன்னா என்ன மாமா? சுருக்கமா சொல்லுங்க.
(பத்தாம் வகுப்பு மாணவி, நரசிங்கம்)

ப: பக்கவாட்டில் ஒரு அடி போனால் மேலே எத்தனை அடி ஏறுகிறாய் என்பது. இறங்கினால் முன்னால் கழித்தல் குறி. சூத்திரமும் இதையேதான் சொல்லுது, கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு.

கே: மேலே ஒய்2 கழித்தல் ஒய்1, கீழே எக்ஸ்2 கழித்தல் எக்ஸ்1. எது 1, எது 2 என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(மாணவன், திருமோகூர்)

ப: உன் இஷ்டம். ஆனால் மேலே யார் முதலில் நிற்கிறாரோ கீழேயும் அவரே முதலில் நிற்கணும். (2, 3), (6, 11) என்று இரண்டு புள்ளி. 11-லிருந்து 3 போனால் 8, 6-லிருந்து 2 போனால் 4, சாய்வு 2. திருப்பிப் போடு: −8-ஐ −4-ஆல் வகுத்தாலும் 2. மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை என்றால் −2 வரும். ஏறுகிற கோடு இறங்கும், மார்க்கும் துணைக்குப் போகும்.

கே: சூத்திரத்தைப் பலகையில் எழுதிக் கணக்கு போட வைக்கிறேன். பசங்க சரியாப் போடுறாங்க. "இந்த விடைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் முழிக்கிறாங்க. எங்கே தொடங்கலாம்?
(கணித ஆசிரியை, மேலூர்)

ப: வகுப்பறைக்கு வெளியே. சக்கர நாற்காலிக்காகக் கட்டிய சாய்தளம் பள்ளியில் இருக்குமே, அங்கே. தடையில்லாமல் உள்ளே வரும் வசதி வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதற்கான அளவு 1-க்கு 12. ஒரு அடி ஏற 12 அடி பக்கவாட்டு நீளம்.

டேப், நூல், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம், இந்த மூன்றும் போதும். தளத்தின் மேல்முனையில் நூலைப் பிடித்து மட்டமாக நீட்டச் சொல்லுங்க. நூலின் நீளம் பக்கவாட்டு, நூலிலிருந்து கீழே தளம் வரை ஏற்றம். வகுத்துப் பார்க்கட்டும். ஒருத்தி 2 மீட்டர் நூல் பிடிப்பாள், இன்னொருத்தி 3 மீட்டர் பிடிப்பாள், விடை மட்டும் ஒன்றாகவே வரும். "எப்படி டீச்சர் ஒண்ணா வந்துச்சு?" என்று அவர்கள் கேட்கும் வரை வாயைத் திறக்காதீங்க. அந்தக் கேள்விக்குள்ளேதான் வடிவொத்த முக்கோணம், சாய்வு, நேர்கோடு எல்லாம் இருக்கிறது. அதன் பிறகு பலகைக்கு வந்தால் சூத்திரத்தை அவர்களே சொல்வார்கள், நீங்கள் எழுதினால் போதும்.

விடை 0.083-ஐத் தாண்டினால் தளம் அளவுக்கு மீறிச் செங்குத்து. அளவோடு சேர்த்துப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுத வையுங்க. அன்றைக்குத் தமிழ் வகுப்பும் முடிந்தது.

கே: 1-க்கு 12 என்பது ஒரு ஏற்றமா? சப்புன்னு இருக்கே!
(கட்டட ஒப்பந்தக்காரர், கருப்பாயூரணி)

ப: ஊட்டி மலை ரயிலைப் பார்த்திருக்கிறீரா? கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே அதன் உச்ச ஏற்றம் சரியாக 1-க்கு 12. வழுக்காமல் ஏற தண்டவாளத்துக்கு நடுவே பற்சட்டம், எஞ்சினுக்கு அடியில் பற்சக்கரம். 1899-இலிருந்து அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைச் சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை இரண்டு கையால் தள்ளி ஏறணும். 12-ஐ 8 ஆக்கி சிமெண்ட் மிச்சம் பிடிக்காதீர்.

கே: நான் எட்டாவதோட நின்னவன். மக பத்தாவது. சாய்வு புரியலைன்னு அழுவுறா. எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலையே!
(கொத்தனார், ஒத்தக்கடை)

ப: உங்களைவிட நல்ல வாத்தியார் அவளுக்குக் கிடைக்க மாட்டார். மொட்டை மாடிக்குத் தளம் போடும்போது பத்தடிக்கு ஒரு இஞ்சு வாட்டம் விடுறீங்களே, பத்தடி என்றால் 120 இஞ்சு. 1-இன் கீழ் 120. அம்புட்டுத்தான் சாய்வு. ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. டியூபில் தண்ணி இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றால் சாய்வு 0. பிறகு இருபது அடி மாடிக்கு எத்தனை இஞ்சு இறக்கணும், முப்பது அடிக்கு எத்தனை என்று கேளுங்க. "ரெண்டு, மூணு"ன்னு அவள் சொன்னால் நேரிய சார்பு தெரிந்துவிட்டது என்று பொருள். வாட்டம் தப்பினால் கூரை ஒழுகும், அதனால் இந்தப் பாடம் மறக்காது.

கே: நெட்டுக்குத்தான கோட்டுக்குச் சாய்வு பூஜ்ஜியம் என்று எழுதினேன். சார் பெருக்கல் குறி போட்டுட்டார்.
(மாணவன், கொடிக்குளம்)

ப: சார் பக்கமே நான். பூஜ்ஜியம் படுத்திருக்கிற கோட்டுக்கு. நிற்கிற கோட்டில் பக்கவாட்டு நகர்வே கிடையாது, பூஜ்ஜியத்தால் யாரும் வகுக்க முடியாது. அதனால் "வரையறுக்கப்படாதது" என்று எழுது. "சாய்வு இல்லை" என்று எழுதினால் எந்த இல்லை என்று சண்டை வரும்.

கே: அப்போ சாய்வு 0-க்கு ஒரு நிஜ உதாரணம்?
(அதே மாணவனின் தங்கை)

ப: எங்கே இறங்கினாலும் ஒரே ரேட்டு கேட்கிற ஷேர் ஆட்டோ.

கே: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. "கட்டணம் = 12 × தூரம் + 25" என்று எழுதினேன். தப்பாம்!
(மாணவன், உத்தங்குடி)

ப: 2013-இல் சென்னை ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் அது. உன் சமன்பாட்டில் 1.8 போட்டுப் பார்: 46 ரூபாய் 60 காசு. டிரைவர் உன்னை வீட்டு வாசல் வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போவார்!

முதல் 1.8 கிலோமீட்டர் அந்த 25-க்குள்ளேயே அடக்கம். ஆகவே 12-ஐப் பெருக்க வேண்டியது தூரத்தில் 1.8 போக மீதியோடு. அதனுடன் 25 கூட்டு. விரித்தால் கட்டணம் = 12 × தூரம் + 3.40. வெட்டுத்துண்டு, அதாவது தூரம் 0 என்று போட்டால் கோடு காட்டும் எண், 3 ரூபாய் 40 காசு. ஆனால் அந்தக் காசை யாரும் கொடுத்ததில்லை, யாரும் வாங்கியதில்லை. 1.8-க்கு முன்னால் கோடு 25-இல் படுத்துக் கிடக்கிறது, அதற்குப் பிறகுதான் எழுந்து ஏறுகிறது. எங்கிருந்து எதுவரை செல்லும் என்று எழுதாத சமன்பாடு பாதிச் சமன்பாடு. கேள்வியில் "முதல்" என்ற சொல் வந்தாலே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை யோசி.

கே: கரண்ட் பில் நேர்கோடா மாமா?
(இல்லத்தரசி, உலகநேரி)

ப: ஒட்டுப்போட்ட நேர்கோடு தாயி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதுவரை சாய்வு 0. அடுக்கு ஏற ஏறச் சாய்வும் ஏறும். 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கின் விலையே மாறிவிடும். அந்த இடத்தில் கோடு ஏறாது, குதிக்கும். கணக்குப் பாடத்தில் அதற்குத் தொடர்ச்சியின்மை என்று பெயர், வீட்டில் அதற்கு ஏசி என்று பெயர்.

கே: கொடைக்கானலில் 20 டிகிரி, மதுரையில் 40. அப்போ நமக்கு இரண்டு மடங்கு சூடா?
(கல்லூரி மாணவர், மாட்டுத்தாவணி)

ப: ஃபாரன்ஹீட்டில் மாற்று. அங்கே 68, இங்கே 104. இப்போது சொல், எங்கே இரண்டு மடங்கு? 1.8-ஆல் பெருக்கி 32 கூட்டுகிறோம். அந்த 32 இருக்கும் வரை இரட்டிப்புக்கு இரட்டிப்பு வராது. வெட்டுத்துண்டு பூஜ்ஜியமாக இருந்தால் மட்டுமே "இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வரும்". நேர் மாறுபாடு வேறு, நேரிய சார்பு வேறு. முன்னது பின்னதற்குள் அடக்கம். பின்னதை முன்னது என்று நினைத்துப் படித்தவர்களே வழுக்கி விழுகிறார்கள்.

கே: செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண் காட்டுமா?
(அவரது அறைத்தோழர்)

ப: −40-இல். ஒத்தக்கடையில் காத்திருக்க வேண்டாம்.

கே: யானைமலைக்குச் சாய்வு எவ்வளவு?
(மாணவி, நரசிங்கம்)

ப: எந்த இடத்தில்? துதிக்கையிலா, முதுகிலா? நேர்கோட்டுக்குத்தான் எங்கே அளந்தாலும் ஒரே சாய்வு, மலைக்கு இடத்துக்கு ஒரு சாய்வு. ரோட்டில் நின்று ஒரு படம் எடு. கட்டத்தாளில் மலையின் விளிம்பை வரை. ஏறும் துண்டு, படுத்த துண்டு, இறங்கும் துண்டு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் சாய்வு கண்டுபிடி. அடுத்து மலைக்குப் பின்பக்கம் போய் இன்னொரு படம் எடு. ஏறினதெல்லாம் இறங்கும், குறி எல்லாம் தலைகீழ். மலை அசையவில்லை, நீதான் பக்கம் மாறினாய். கூட்டலா கழித்தலா என்பது இடமிருந்து வலம் படிக்கிறோம் என்ற ஒப்பந்தத்தில் இருக்கிறது.

கே: அங்கே நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கல்வெட்டில் கலி 3871 என்று இருக்கிறதாமே. அது கி.பி. எத்தனை?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அழகர்கோவில் சாலை)

ப: 3101 கழியுங்க ஐயா. 770. பாண்டியன் மாறஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கி, முடியும் முன்பே காலமாக, தம்பி மாறன் எயினன் முடித்த கோயில்.

இதையே வகுப்பில் நடத்தலாம். கி.பி. = கலி − 3101. சாய்வு 1, வெட்டுத்துண்டு −3101. சக ஆண்டிலிருந்து என்றால் 78 கூட்டு, திருவள்ளுவர் ஆண்டிலிருந்து என்றால் 31 கழி. மூன்றையும் ஒரே வரைபடத்தில் வரைந்தால் மூன்றுக்கும் சாய்வு 1, மூன்றும் இணைகோடுகள். ஆண்டு பிறக்கும் மாதம் வேறுபடுவதால் ஒன்று முன்பின் வரலாம், அதையும் பசங்களிடம் சொல்லிவிடுங்க. யுகம் முடிந்தாலும் இந்தக் கோடுகள் ஒன்றையொன்று தொடாது. வெட்டுத்துண்டு எதற்கு என்று கேட்கிற பையனை மலையடிவாரத்துக்கு அனுப்புங்க. 1,250 வருஷமாகப் பதில் பாறையில் இருக்கிறது.

கே: மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்றுத் தண்ணி எங்க மேலூர் வயலுக்கு எப்படி வருது?
(விவசாயி, மேலூர்)

ப: சாய்வை மாற்றினார்கள், வந்தது. பென்னிகுயிக் அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, மலையைக் குடைந்து கிழக்கே சரிவாகச் சுரங்கம் விட்டார்கள், 1895-இல் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் உங்களிடம். வாட்டம் அதிகமானால் கால்வாய் அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். தண்ணீருக்குத் தெரிந்த குறி ஒன்றே ஒன்று: கழித்தல்.

கே: யூரியா இரண்டு மடங்கு போட்டால் விளைச்சல் இரண்டு மடங்கு வருமா?
(அவரது பங்காளி, சிட்டம்பட்டி)

ப: ஒத்தக்கடையில் 1965-இலிருந்து வேளாண் கல்லூரி இருக்கிறது, ஒரு எட்டு போய்க் கேளுங்க. ஆரம்பத்தில் கோடு நேராக ஏறுவது போலத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக வளையும், படுக்கும், அப்புறம் இறங்கும். தழைச்சத்து மீறினால் நெற்பயிரே சாயும். அந்தச் சாய்வுக்கு மார்க் கிடையாது.

கே: இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடி, கண்டுபிடி என்கிறார்கள். கண்டுபிடித்து?
(மாணவன், வெள்ளரிப்பட்டி)

ப: ரயில்வேயில் செக்‌ஷன் கண்ட்ரோலர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் மேசையில் ஒரு நீளமான வரைபடம். ஒரு அச்சில் நேரம், மறு அச்சில் வரிசையாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு கோடு. இந்தப் பக்கம் வருவது ஏறும் கோடு, அந்தப் பக்கம் போவது இறங்கும் கோடு, நிற்கும்போது படுத்த கோடு. செங்குத்தாக நிமிர்ந்த கோடு எக்ஸ்பிரஸ், சோம்பிச் சாய்ந்தது சரக்கு வண்டி. ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் கட்டாயம் வெட்டும். வெட்டும் புள்ளி ஒரு ஸ்டேஷனில் விழணும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே விழுந்தால் அது கணக்கு அல்ல, செய்தி. பேப்பரும் பென்சிலும் போய்த் திரை வந்துவிட்டது, கோடு அதே கோடுதான்.

கே: ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் ஏன் −1? மனப்பாடம் பண்ணிட்டேன், புரியல.
(மாணவி, மாங்குளம்)

ப: வலப்பக்கம் 2, மேலே 3 போகிற கோட்டை வரை. சாய்வு 3/2. இப்போது தாளை இடப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பு. 2 வலம் என்பது 2 மேலே ஆயிற்று, 3 மேலே என்பது 3 இடம் ஆயிற்று. சாய்வு −2/3. பெருக்கிப் பார். படுத்த கோட்டுக்கும் நின்ற கோட்டுக்கும் மட்டும் இந்தச் சூத்திரம் செல்லாது. நிற்கிறவருக்குச் சாய்வே வரையறுக்கவில்லை, எதைப் பெருக்குவாய்?

கே: மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்க்க, பரப்பு முறையா, சாய்வு முறையா?
(மாணவன், மேலூர்)

ப: கேள்வியில் முறையைச் சொல்லியிருந்தால் அந்த முறை. சொல்லாவிட்டால் சாய்வு. இரண்டு வகுத்தலில் வேலை முடியும், பரப்பில் ஆறு பெருக்கல். மூன்று புள்ளிக்கும் எக்ஸ் ஒன்றாக இருந்தால் வகுக்க ஓடாதே. அவை ஏற்கெனவே ஒரே கம்பத்தில் நிற்கின்றன.

கே: இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கா, நம்ம கணக்கா?
(பெயர் வெளியிட விரும்பாதவர், மதுரை)

ப: மூன்று தெரிந்தால் நான்காவதைக் காணும் திரைராசிகம் 499-இலேயே ஆரியபடீயத்தில் இருக்கிறது. அது ஆதிப்புள்ளி வழிப்போகும் நேர்கோடுதான். மாறும் வேகத்தைப் படமாக வரைந்து பார்த்தவர் 14-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் ஓரெம். கோட்டுக்குச் சமன்பாடு கொடுத்தவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் தெகார்த்தேயும் ஃபெர்மாவும். வீட்டுப்பாடம் உங்களுடையது.

கே: ஆறு, ஏழாம் வகுப்புக்கே இதற்கு அடித்தளம் போட முடியுமா?
(நடுநிலைப்பள்ளி ஆசிரியர், திருவாதவூர்)

ப: மாதக் காலண்டரைக் கழற்றிக் கொடுங்க. ராயபுரத்தில் இராமானுஜனுக்கு அருங்காட்சியகம் கண்ட பி.கே. சீனிவாசன் காலண்டர் கணக்குக்கென்றே ஒரு புத்தகம் எழுதியவர். செவ்வாய்க்கிழமைகளைப் படிக்கச் சொல்லுங்க: 3, 10, 17, 24, 31. ஏழு ஏழாக ஏறுகிறது. தேதி = 7 × வாரம் − 4. புதன் என்றால் 7 × வாரம் − 3. கிழமை மாறினால் வெட்டுத்துண்டு மாறும், சாய்வு மாறாது. வலப்பக்கம் சரிவாக இறங்கினால் 8, இடப்பக்கம் இறங்கினால் 6. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எக்ஸ், ஒய் வேண்டாம், "வாரம்", "தேதி" போதும். பெரிய வகுப்பிலும் முதல் ஒரு வாரம் எழுத்துகளுக்குப் பதில் பெயர்களையே வைத்துப் பாருங்க. "12 என்ன? கிலோமீட்டருக்கு ரூபாய்" என்று அலகோடு சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் சாய்வு தெரியும். அலகு சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வகுத்தல் மட்டும் தெரியும்.

கே: ஜூனில் மகன் 60 மார்க். மாதம் 5 மார்க் ஏறும் என்று டியூஷனில் சொல்கிறார்கள். நம்பலாமா?
(ஒரு தாய், ஒத்தக்கடை)

ப: பிப்ரவரியில் 100. ஏப்ரலில் 110. விடைத்தாள் 100-க்குத்தான், அவர்களிடம் கேளுங்க.

கே: அதே டியூஷன் போர்டில் தேர்ச்சிக் கோடு ராக்கெட் மாதிரி ஏறுது மாமா!
(அந்த மகன்)

ப: ஒய் அச்சு 0-இல் தொடங்குகிறதா, 95-இல் தொடங்குகிறதா என்று பார் மாப்ள. அச்சை இழுத்தால் எந்தக் கோடும் நிமிரும். சாய்வைக் கண்ணால் பார்க்காதே, எண்ணால் பார்.

கே: நான் வக்கீலாகப் போகிறேன். எனக்கு எதுக்கு நேர்கோடு?
(மாணவி, உயர் நீதிமன்றக் கிளை அருகில்)

ப: 2004-இலிருந்து பக்கத்திலேயே கோர்ட் வைத்துக்கொண்டு கேட்கிறாயே! விபத்து வழக்கில் 10 லட்சம் இழப்பீடு, 7.5 சதவீதத் தனிவட்டி என்று தீர்ப்பு வந்தால் மாதம் 6,250 ரூபாய் ஏறும். வெட்டுத்துண்டு 10 லட்சம், சாய்வு 6,250. 40 மாதம் ஆனால் 12 லட்சத்து 50 ஆயிரம். உன் கட்சிக்காரர் "எவ்வளவும்மா வரும்?" என்று கேட்கும்போது கால்குலேட்டர் தேடாதே.

கே: நாளைக்குக் கணக்குப் பரீட்சை. வரைபடக் கேள்விக்கு 8 மார்க். கடைசி நேர டிப்ஸ்?
(மாணவன், நரசிங்கம்)

ப: அளவுத்திட்டத்தை முதலில் எழுது, கடைசியில் மறந்துபோகும். அச்சுகளுக்குப் பெயர் வை. 50 கிலோமீட்டர் வேகத்தில் பஸ் போனால் கோடு ஆதிப்புள்ளியில் தொடங்கணும், ஒன்றரை மணிக்கு 75 கிலோமீட்டரைத் தொடணும். தொடவில்லையென்றால் ஸ்கேல் நகர்ந்திருக்கிறது. பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வை, பக்கத்து பெஞ்சுக்காரன் கேட்பான்.